மண்டலக் கணிதப் போட்டியில் 42-க்கு 15 என்றால் என்ன பொருள்?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் சுருக்கிவிடுகிறேன். மகள் பதினோராம் வகுப்பு. மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்கான மண்டலக் கணிதப் போட்டியின் முதல் சுற்றில், அதாவது 25 கொள்குறி வினாக்கள் கொண்ட சுற்றில், ஐந்தாவது இடம். ஆறு கணக்குகளுக்கு முழுத் தீர்வு எழுத வேண்டிய இரண்டாம் சுற்றில் 42-க்கு 15. 240 பேரில் 38-வது இடம். வெண்கலத்துக்குத் தேவையானது 17. கணக்குவாரியாக வந்த மதிப்பெண் 7, 5, 2, 1, 0, 0. "மூணு கணக்கு முழுசா போட்டுட்டேன், 21 நிச்சயம்" என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்த பெண் இப்போது கணக்குப் புத்தகத்தைத் தொடுவதே இல்லை. பள்ளியில் எப்போதும் தொண்ணூறுக்கு மேல் வாங்குகிறவள். இந்த முடிவு என்ன சொல்கிறது, மறுமதிப்பீடு கேட்கலாமா என்பது உங்கள் கேள்வி.

இந்த மாதிரிப் போட்டிகளில் பல வருடம் விடைத்தாள் திருத்தியிருக்கிறேன், அந்த மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். இது நல்ல முடிவு. ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, ஏன் என்பதற்குக் காரணம் கீழே வரும். அதற்கு முன்னால் 15 என்ற கூட்டுத்தொகையையும் 38 என்ற இடத்தையும் கொஞ்ச நேரம் ஓரமாக வைத்துவிடுங்கள். முடிவுப் பட்டியலில் உண்மையான தகவல் இருப்பது 7, 5, 2, 1, 0, 0 என்ற அந்த ஒரு வரியில்தான். பெரும்பாலான பெற்றோர், ஏன் பல ஆசிரியர்கள்கூட, அந்த வரியைத் தாண்டி நேராகக் கூட்டுத்தொகைக்குப் போய்விடுகிறார்கள்.

பள்ளித் தேர்வோடு ஒப்பிடுவதை முதலில் விடுங்கள். பள்ளித் தேர்வில் வகுப்பில் பார்த்த கணக்கே எண்ணை மாற்றிக்கொண்டு வரும், பாடத்தை ஒழுங்காகப் படித்தவர் நல்ல மதிப்பெண் வாங்க வேண்டும் என்றே அந்தத் தாளை அமைக்கிறார்கள். போட்டித் தாள் அமைக்கிறவருக்கு வேறு கவலை. வந்திருக்கும் 240 பேரும் ஏற்கெனவே ஒரு சல்லடையில் சலித்து வந்தவர்கள். அவர்களை இன்னும் பிரித்துக் காட்ட வேண்டுமானால், பெரும்பாலோர் இரண்டு கணக்குக்கு மேல் போக முடியாத அளவுக்குத் தாள் கடினமாக இருந்தாக வேண்டும். இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு உச்சியிலிருந்து ஒரு உதாரணம்: 2017-ல் நடந்த சர்வதேச கணித ஒலிம்பியாடில் மூன்றாவது கணக்கு. கலந்துகொண்டவர்கள் 615 பேர், எல்லோரும் தங்கள் நாட்டில் பல சுற்று தாண்டி வந்தவர்கள். அந்தக் கணக்கை முழுமையாகப் போட்டவர்கள் இரண்டே பேர். அறுநூறு பேருக்கு மேல் சுத்தமாகப் பூஜ்யம். அவர்கள் யாரும் கணக்கு வராதவர்கள் கிடையாது.

அதனால் 42-க்கு 15 என்பதை நூற்றுக்கு முப்பத்தாறு என்று மாற்றிப் பார்க்காதீர்கள். சதவீதத்துக்கு இங்கே அர்த்தமே இல்லை.

அதே வருடத்தை வைத்து இன்னொன்றும் சொல்லலாம். 2017-ல் சர்வதேச ஒலிம்பியாடில் தங்கத்துக்கான கோடு 42-க்கு 25. 2022-ல் அதே 25 வாங்கியவருக்குக் கிடைத்தது வெண்கலம், ஏனென்றால் அந்த வருடம் வெண்கலம் 23-ல் தொடங்கியது, வெள்ளிக்கு 29, தங்கத்துக்கு 34 வேண்டியிருந்தது. ஒரே மதிப்பெண், ஒரு வருடம் தங்கம், இன்னொரு வருடம் வெண்கலம். தாள் கடினமாக இருந்தால் கோடு இறங்கும், எளிதாக இருந்தால் ஏறும், ஏனென்றால் அங்கே பதக்கம் கொடுப்பது ஆள் கணக்குப் பார்த்து: கலந்துகொள்பவர்களில் அதிகபட்சம் பாதிப் பேருக்குப் பதக்கம், அதில் தங்கம், வெள்ளி, வெண்கலம் ஏறத்தாழ 1:2:3 என்ற விகிதத்தில், ஆக தங்கம் பன்னிரண்டில் ஒருவருக்கு. மண்டலப் போட்டிகளில் பலவும் இப்படி ஆள் கணக்குப் பார்த்தே கொடுக்கின்றன, எத்தனை பேருக்கு என்பது மட்டும் மாறும். ஆகவே 17 என்ற கோடு உங்கள் மகள் தாண்டத் தவறிய தகுதி எல்லை ஒன்றும் இல்லை, அந்த 240 பேர் அன்றைக்கு எழுதியதைப் பார்த்து அதற்குப் பிறகு போடப்பட்ட கோடு.

அப்புறம் அந்த 38. நீங்கள் அனுப்பிய பட்டியலையே பாருங்கள். 15 வாங்கியவர்கள் எட்டுப் பேர், எட்டுப் பேருக்கும் 38 என்றே போட்டிருக்கிறது, அடுத்தவருக்கு 46. அவர்களுக்கு மேலே 16 வாங்கிய ஆறு பேருக்கும் 32. அதாவது உங்கள் மகள் ஒரே ஒரு மதிப்பெண் கூடுதலாக வாங்கியிருந்தால் ஆறு படி ஏறி 32, ஒன்று குறைந்திருந்தால் 15 வாங்கிய மற்ற ஏழு பேருக்கும் பின்னால் போயிருப்பாள். பட்டியலின் நடுப்பகுதியில் கூட்டம் நெரிசலாக இருக்கும், அங்கே ஒரு மதிப்பெண்ணுக்கு ஏழெட்டு இடம் சாதாரணமாக நகரும். அந்த ஒரு மதிப்பெண் எதிலிருந்து வருகிறது தெரியுமா? ஒரு வரியை எழுதினாளா விட்டாளா என்பதிலிருந்து. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள், ஆனால் ஆறு கணக்கை வைத்து ஒரு மாணவியின் கணிதத்தை அளக்க முடியாது. அந்த ஆறில் ஒன்று அவளுக்குப் பழகிய வடிவியலாக அமைந்திருந்தால் பட்டியலே வேறு மாதிரி இருந்திருக்கும். முதல் ஐந்து பேரைப் பற்றி அந்தப் பட்டியல் கொஞ்சம் உறுதியாகப் பேசும், 25-க்கும் 60-க்கும் நடுவில் இருப்பவர்களைப் பற்றி அது சொல்வது மிகக் குறைவு.

சரி, இப்போது அந்த வரிக்கு வருகிறேன். இதைப் புரிந்துகொள்ள, உள்ளே திருத்துவது எப்படி நடக்கிறது என்று தெரிய வேண்டும்.

ஒரு கணக்கை ஒரே குழு எடுத்துக்கொள்ளும், 240 தாளிலும் அந்தக் கணக்கை அவர்களே பார்ப்பார்கள். அப்போதுதான் ஒரே மாதிரியான பிழைக்கு ஒரே மாதிரி வெட்டு விழும். தாளைக் கையில் எடுத்ததும் நாங்கள் கேட்கிற முதல் கேள்வி, "இது தீர்வா, தீர்வு இல்லையா?" என்பதுதான். யோசனை முழுக்க இருக்கிறது, எங்கோ ஒரு ஓட்டை என்றால் 7-லிருந்து கீழே இறங்குவோம், 6 அல்லது 5 கிடைக்கும். முக்கியமான யோசனை இல்லை, ஆனால் பயனுள்ள ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறாள் என்றால் 0-விலிருந்து மேலே ஏறுவோம், 1 அல்லது 2 கிடைக்கும். நடுவில் இருக்கிற 3, 4 அபூர்வம். அதனால் 2-க்கும் 5-க்கும் இருக்கிற தூரத்தை வெறும் மூன்று மதிப்பெண் என்று எண்ண வேண்டாம். 5 என்றால் போட்டுவிட்டாள், 2 என்றால் போடவில்லை. பள்ளியில் ஒவ்வொரு படிக்கும் அரை மதிப்பெண், ஒரு மதிப்பெண் என்று சேர்த்துக்கொண்டே போகிற பழக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இது முதலில் அநியாயமாகத் தெரியும். நான் இந்த முறையை முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஒரு நிரூபணம் நிற்கிறதா விழுகிறதா என்பதே கணிதத்தில் முதல் கேள்வி, பாதி நிற்கிற நிரூபணம் என்று ஒன்று கிடையாது.

அப்படியானால் உங்கள் மகள் இரண்டு கணக்கு போட்டிருக்கிறாள், ஒன்று சுத்தமாக, ஒன்று ஓட்டையோடு. மூன்று போட்டதாக நினைத்தாள். இந்த இடைவெளிதான் அவளுக்கு இந்த முடிவு கொடுக்கிற மிகப் பெரிய தகவல், அதனால் இதில் கொஞ்சம் நிற்கிறேன்.

முதலில் அந்த 5. அவள் எழுதியது என் கையில் இல்லை, ஆகவே எளிய கணக்கு ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். "தலைகீழிகளின் கூடுதல் 1/6 ஆக வரும்படி, அதாவது 1/அ + 1/ஆ = 1/6 ஆகும்படி, மிகை முழு எண்களாலான (அ, ஆ) சோடிகள் அனைத்தையும் காண்க." குறுக்கே பெருக்கினால் அஆ = 6அ + 6ஆ. எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவந்து இரண்டு பக்கமும் 36 கூட்டினால் (அ − 6)(ஆ − 6) = 36. இந்த 36-ஐக் கூட்டுகிற யோசனைதான் கணக்கின் உயிர். பழகியவர்களுக்கு இது உடனே தோன்றும். அதன் பிறகு 36-ஐ இரண்டு எண்களின் பெருக்கமாக எழுத வேண்டியதுதான்: 1×36, 2×18, 3×12, 4×9, 6×6. இதிலிருந்து (7, 42), (8, 24), (9, 18), (10, 15), (12, 12) என்று ஐந்து சோடி எழுதி, கீழே இரண்டு கோடு போட்டு, அடுத்த கணக்குக்குப் போய்விடுவார்கள். மனதுக்குள் அது ஏழு மதிப்பெண்.

திருத்துகிற மேசையில் இதற்கு 5. ஏன்? ஒன்று, கேட்டது சோடிகள் அனைத்தும், (7, 42) வேறு (42, 7) வேறு, ஆகவே ஒன்பது வேண்டும். "அ, ஆ இரண்டையும் இடம் மாற்றினாலும் தீர்வுதான்" என்று ஒரு வாக்கியம் இருந்திருந்தாலே போதும். இரண்டு, 36 என்பது (−4)×(−9) என்றும் ஆகும், அந்த வழியில் தீர்வு வராது என்று யார் சொன்னது? உண்மையில் வராது. 1/ஆ மிகை எண் என்பதால் 1/அ என்பது 1/6-ஐ விடச் சிறியது, ஆகவே அ > 6, அதே காரணத்தால் ஆ > 6, குறை எண்ணுக்கு இடமே இல்லை. ஒரே ஒரு வரி. அந்த வரியை எழுதாதவர் அதை யோசித்தாரா என்று திருத்துகிறவருக்குத் தெரிய வழியில்லை, தாளில் இருப்பதற்குத்தான் மதிப்பெண். தலா ஒன்று போனது, 7 போய் 5 ஆனது.

இரண்டாவது கணக்கில் அவள் இழந்த இரண்டும் வெண்கலத்துக்குக் குறைந்த இரண்டும் ஒன்றுதான். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று வருத்தமாக இருக்கும், புரிகிறது. ஆனால் இந்தக் குறையைச் சரிசெய்யப் புதிதாக எதையும் கற்க வேண்டாம் என்பதைக் கவனியுங்கள். கணக்கு முடிந்த பிறகு பத்து நிமிடம் ஒதுக்கி, தன் தீர்வைத் தன்னை நம்பாத ஒருவர் படிப்பது போலப் படித்து, ஒவ்வொரு வரியிலும் "ஏன்?" என்று கேட்கிற பழக்கம் வேண்டும், அவ்வளவே. பூஜ்யத்தால் வகுத்தோமா, வர்க்கமூலத்தில் குறை எண்ணை விட்டோமா, சமன்பாட்டின் கடைசி வரியிலிருந்து முதல் வரிக்குத் திரும்பிப் போக முடியுமா, 2 என்ற பகா எண்ணைத் தனியாகப் பார்த்தோமா என்று நான் திருத்திய தாள்களில் 7-ஐ 5 ஆக்குகிற ஓட்டைகள் திரும்பத் திரும்ப இதே நான்கைந்துதான்.

மூன்றாவது கணக்கின் 2 வேறு வகை, இதைத்தான் அவள் முழுசாகப் போட்டதாக நினைத்தாள். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், சின்னச் சின்ன எண்களுக்குப் போட்டுப் பார்த்து, ஒரு ஒழுங்கைக் கண்டுபிடித்து, "இது இப்படியே தொடரும்" என்று முடித்திருக்கிறாள். விடையும் சரியாக இருந்திருக்கிறது. விடை சரி என்றால் எப்படி 2 என்று அவள் கேட்பது நியாயமான கேள்வி. அவளிடம் இதைக் கொடுங்கள்: ஒரு வட்டத்தின் மேல் புள்ளிகளை வைத்து எல்லாப் புள்ளிகளையும் ஒன்றோடொன்று கோட்டால் இணைத்தால் வட்டம் அதிகபட்சம் எத்தனை பகுதிகளாகப் பிரியும்? ஒரு புள்ளி என்றால் 1. இரண்டு என்றால் 2. மூன்றுக்கு 4, நான்குக்கு 8, ஐந்துக்கு 16. ஆறுக்கு எவ்வளவு என்று படம் போடாமல் சொல்லச் சொல்லுங்கள். 32 என்பாள். படம் போட்டு எண்ணச் சொல்லுங்கள், 31 தான் வரும், எத்தனை முறை எண்ணினாலும் 31. ஐந்து முறை உண்மையாக இருந்த ஒழுங்கு ஆறாவது முறை உடைகிறது. இதைத் தன் கையால் எண்ணிப் பார்த்த பிறகு "இப்படியே தொடரும்" என்று எழுத யாருக்கும் கை வராது. அவள் கண்டுபிடித்த ஒழுங்கு உடையவில்லை என்பது அவளுக்குக் கிடைத்த நல்வாய்ப்பு, உடையாது என்று காட்டுவதுதான் கணக்கு. அந்த வேலை முழுவதும் மிச்சம் இருக்கிறது, அதனால் 2. இதைச் சரிசெய்ய உண்மையாகவே படிக்க வேண்டும்: கணிதத் தொகுத்தறிதல், மாறிலியாக நிற்கும் ஒன்றைத் தேடிப் பிடிப்பது, ஒரே பொருளை இரண்டு விதமாக எண்ணிப் பார்ப்பது. சில மாத வேலை.

நான்காவதில் 1. விடுங்கள், யாருக்கும் ஒன்று கிடைக்கும் இடம் அது.

கடைசி இரண்டு பூஜ்யம். ஐந்தாவது கணக்குக்கு நான்கு பக்கம் எழுதினாள், ஒரு மதிப்பெண்கூட இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். பக்கத்துக்கு மதிப்பெண் கிடையாது. பகுதி மதிப்பெண் கொடுக்கும் முன் நாங்கள் பார்ப்பது, "இந்த வரி ஏதாவது ஒரு முழுத் தீர்வுக்குள் ஒரு படியாக இருக்க முடியுமா?" என்பதைத்தான். கேள்வியை வேறு வார்த்தையில் திருப்பி எழுதுவது, அ = 1, 2, 3 என்று போட்டுப் பார்ப்பது, படத்தில் பத்துக் கோணங்களுக்குப் பெயர் வைப்பது எல்லாம் யோசிப்பதற்குத் தேவையானவை, ஆனால் படிகள் ஆகாது. அவள் எழுதிய நான்கு பக்கம் வீண் என்று சொல்லவே மாட்டேன். கடினமான கணக்கோடு ஒரு மணி நேரம் மல்லுக்கட்டுவது மிகவும் நல்ல பழக்கம், வீட்டில் அதைத்தான் செய்ய வேண்டும். போட்டி நாளில் மட்டும் அந்த மணி நேரத்தில் பத்து நிமிடத்தை இரண்டாவது கணக்குக்குத் திருப்பியிருந்தால் போதும்.

பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் வெட்கப்படத் தேவையில்லை என்பதற்கு நான் எப்போதும் சொல்கிற உதாரணம் ஒன்று உண்டு. 1988 சர்வதேச ஒலிம்பியாடின் ஆறாவது கணக்கு: இரண்டு மிகை முழு எண்களின் வர்க்கங்களின் கூடுதல், அந்த எண்களின் பெருக்கத்தோடு ஒன்றைக் கூட்டினால் கிடைக்கும் எண்ணால் மீதியின்றி வகுபடுமானால், ஈவு ஒரு முழு வர்க்கம் என்று நிரூபிக்க வேண்டும். கேள்வியைப் பத்தாம் வகுப்பு மாணவர் புரிந்துகொள்ளலாம். வினாக்களைத் தேர்ந்தெடுத்த குழுவினராலேயே போட முடியவில்லை. 268 மாணவர்களில் முழுமையாகப் போட்டவர்கள் 11 பேர், வியட்நாமின் இங்கோ பாவ் சாவ் அவர்களில் ஒருவர், அவருக்கு 2010-ல், கணிதத்தின் மிக உயர்ந்த பரிசுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கம் கிடைத்தது. அதே அறையில் டெரன்ஸ் டாவ் என்ற பன்னிரண்டு வயதுப் பையனும் எழுதினான். அந்தக் கணக்கில் அவனுக்குக் கிடைத்தது 7-க்கு 1. மற்ற கணக்குகளால் அந்த வருடம் தங்கம் வாங்கினான், அதற்கு முந்தைய இரண்டு வருடங்களில் வெண்கலமும் வெள்ளியும் வாங்கியிருந்தான். 2006-ல் அவருக்கும் ஃபீல்ட்ஸ் பதக்கம் கிடைத்தது.

இன்னொரு நல்ல வழக்கமும் அங்கே இருக்கிறது: பதக்கம் வாங்காவிட்டாலும் ஒரு கணக்கையாவது குறையில்லாமல் ஏழுக்கு ஏழு போட்டவருக்குச் சிறப்புச் சான்று கொடுப்பார்கள். இது மிகச் சரியான மரியாதை என்பது என் கருத்து. ஆறு கணக்கிலும் இரண்டிரண்டாகப் பொறுக்கி 12 சேர்த்தவரைவிட, ஒன்றை எடுத்து அடியிலிருந்து நுனிவரை முடித்துக் காட்டியவர் கணிதத்துக்குப் பக்கத்தில் இருக்கிறார். உங்கள் மகளின் வரியில் முதலில் இருக்கிற அந்த 7-ஐப் பார்த்து வீட்டில் யாராவது ஏதாவது சொன்னீர்களா? சொல்லாமல் இருந்தால் இன்றைக்குச் சொல்லிவிடுங்கள். தொடக்கத்தில் நல்ல முடிவு என்று நான் சொன்னதற்குப் பாதிக் காரணம் அந்த 7. பதினோராம் வகுப்பில் முதல்முறை நிரூபணத் தாள் எழுதுகிறவர்களில் பலருக்கு அந்த வரியில் 7 என்ற எண்ணே இருக்காது, 2, 1, 1, 0, 0, 0 என்றுதான் இருக்கும். மீதிக் காரணம், இழந்தவை எல்லாம் பெயர் சொல்லிச் சரிசெய்யக்கூடிய குறைகள் என்பது.

முதல் சுற்றில் ஐந்தாவது, இரண்டாவதில் 38 ஏன் என்று கேட்டீர்கள். இரண்டும் வேறு வேறு திறமையைப் பார்க்கின்றன. 25 கேள்வி, ஐந்து விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது என்றால் வேகம், நினைவு, விடைகளை வைத்துப் பின்னாலிருந்து யோசிக்கிற சாமர்த்தியம், எதை விடுவது என்ற முடிவு இதெல்லாம் கூடுதலாக வேலை செய்யும். அமெரிக்காவில் நடக்கிற ஏஎம்சி 12 போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள்: 75 நிமிடத்தில் 25 கேள்வி, சரியான விடைக்கு 6, வெற்றாக விட்டால் 1.5, தவறுக்கு 0. கண்ணை மூடிக்கொண்டு ஐந்தில் ஒன்றைக் குறித்தால் சராசரியாக 6-ஐ 5-ஆல் வகுத்து 1.2 தான் கிடைக்கும், விட்டுவிடுவதே லாபம். ஒரு விடை நிச்சயம் தவறு என்று தெரிந்தால் 6/4, சரியாக 1.5, இரண்டும் சமம். இரண்டு விடைகளை நீக்க முடிந்தால் 2, அப்போது குறிப்பதே லாபம். இந்தக் கணக்கெல்லாம் அந்தச் சுற்றில் ஒரு திறமைதான். இரண்டாம் சுற்றில் இது ஒன்றும் உதவாது, வெள்ளைத்தாளில் காரணம் எழுத வேண்டும். அதோடு, எந்தத் தேர்விலும் மிக மேலே வருகிறவர்களுக்குத் திறமையோடு அன்றைய நல்வாய்ப்பும் கொஞ்சம் சேர்ந்திருக்கும். அடுத்த தேர்வில் திறமை கூடவே வரும், நல்வாய்ப்பு வர வேண்டும் என்ற கட்டாயமில்லை. முதல் சுற்றில் முதல் பத்துக்குள் வந்த மற்றவர்களின் பெயரையும் இரண்டாம் பட்டியலில் தேடிப் பாருங்கள், பலர் கீழே இறங்கியிருப்பார்கள்.

பள்ளி அணிப் பட்டியலில் அவள் பள்ளி மூன்றாவது என்று வந்ததைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முதல் மூன்று பேரின் மதிப்பெண்ணைக் கூட்டுகிற முறை என்றால், ஐம்பது பேரை அனுப்புகிற பள்ளிக்கு ஐந்து பேரை அனுப்புகிற பள்ளியைவிட வசதி அதிகம். மூன்று பேர் சேர்ந்து வாரம் ஒருமுறை கணக்குப் போடுகிற ஒரு சின்னக் கூட்டம் அந்தப் பள்ளியில் இருக்கிறது என்றால் அதுதான் அதில் பெரிய விஷயம், அந்த மூன்று பேரையும் பிரிய விடாதீர்கள்.

எதிர்காலத்தைப் பற்றி ஒரு வரி கேட்டிருந்தீர்கள், இது கணிதம் படிக்கலாமா வேண்டாமா என்பதற்கு அறிகுறியா என்று. ஹங்கேரியில் 1894-லேயே பள்ளி முடிக்கிற மாணவர்களுக்கு இப்படியொரு போட்டி தொடங்கினார்கள், மூன்றே கணக்கு. 1897-ல் அதில் இரண்டாம் பரிசு வாங்கிய லிபோட் ஃபெயர் பிற்பாடு பெரிய கணிதவியலாளர் ஆனார். மரியம் மிர்ஸாகானி 1994-லும் 1995-லும் சர்வதேச ஒலிம்பியாடில் தங்கம் வாங்கினார், 2014-ல் ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்ற முதல் பெண் அவர். மறுபக்கம், 2022-ல் அதே பதக்கம் வாங்கிய ஜூன் ஹூ கவிதை எழுதுவதற்காக உயர்நிலைப் பள்ளியையே விட்டவர், பல்கலைக்கழகத்தின் கடைசிக் கட்டத்தில்தான் கணிதத்துக்கு வந்தார். போட்டியில் மேலே வருவது நல்ல அறிகுறி, வராமல் போவது எதற்கும் அறிகுறி இல்லை. நாலரை மணி நேரத்துக்குள் முடிகிற கணக்கு வேறு, மூன்று வருடம் ஒரே கேள்வியோடு உட்கார்வது வேறு.

கடைசியாக மறுமதிப்பீடு. கேட்கலாம், ஆனால் சரியான காரணத்துக்கு மட்டும். கூட்டலில் பிழை, இணைத்த கூடுதல் தாளைத் திருத்துகிறவர் பார்க்கவே இல்லை, யாரும் எதிர்பார்க்காத வேறு வழியில் போட்டதால் புரியாமல் குறைத்துவிட்டார்கள் என்ற மூன்றும் உண்மையான காரணங்கள், இவற்றில் நானே மதிப்பெண்ணைத் திருத்திக் கொடுத்திருக்கிறேன். "2-க்குப் பதில் 3 கொடுத்திருக்கலாம்" என்பது காரணமே ஆகாது, அதே பிழை செய்த இன்னும் முப்பது பேருக்கும் 2 தான் கொடுத்திருப்பார்கள். சில போட்டிகளில் மறுபடி பார்க்கும்போது மதிப்பெண் குறையவும் இடமுண்டு, விதியைப் படித்துவிட்டு இறங்குங்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படிச் செய்வேன்: விடைத்தாளின் நகலை மட்டும் முதலில் கேட்டு வாங்குவேன். வெளியிட்ட தீர்வுகளையும் மதிப்பெண் முறையையும் பக்கத்தில் வைத்து, அவளையே தன் இரண்டாவது, மூன்றாவது கணக்கைச் சிவப்புப் பேனாவால் திருத்தச் சொல்வேன், பக்கத்தில் உட்கார்ந்து பேசாமல் பார்ப்பேன். அவள் போட்ட மதிப்பெண்ணும் வந்த மதிப்பெண்ணும் ஒன்றாக இருந்தால் விண்ணப்பம் தேவைப்படாது. வேறாக இருந்தால், எந்தப் பக்கத்தில் எந்த வரியில் கவனிக்காமல் விடப்பட்டது என்று அவளே ஒரு பக்கத்துக்குள் எழுதட்டும். நீங்கள் கையெழுத்து மட்டும் போட்டு அனுப்புங்கள். கடைசித் தேதி பெரும்பாலும் முடிவு வந்து ஓரிரு வாரத்துக்குள் முடிந்துவிடும், அதனால் நகலுக்கு இன்றைக்கே எழுதிவிடுங்கள்.